உழைச்செல்வாரைப் பேணுவார் யார்? மனநோயுற்றோரின் குடும்பப் பராமரிப்பாளரும் சமூக ஆதரவும்

ஆய்வுச்சுருக்கம்

நீண்டகால மனநோயுற்றோரைப் பேணும் பொறுப்பு இந்தியச் சூழலில் பெரும்பாலும் குடும்பத்தின்மீதே அமைகிறது. மருத்துவம் குடும்பத்தைத் தன் துணைக்கருவியாக 1950களிலேயே ஏற்றுக்கொண்டது. அக்குடும்பம் சுமக்கும் பாரத்தை அளப்பதற்கான கருவிகள் 1980களிலும் 1990களிலும் பெங்களூரிலும் சென்னையிலும் உருவாயின. 2016, 2017ஆம் ஆண்டுச் சட்டங்கள் பராமரிப்பாளர் என்னும் நிலைக்கு வரையறை வழங்கின. எனினும், பராமரிப்பாளரைத் தனக்கெனத் தேவைகளும் உரிமைகளும் உடைய ஒருவராகக் கருதி ஆதரிக்கும் ஏற்பாடுகள் இன்றும் சிதறியே கிடக்கின்றன. தமிழ்நாட்டை மையமாகக் கொண்டு இவ்வளர்ச்சியையும் இடைவெளியையும் இக்கட்டுரை விளக்குகிறது. இல்லம் தேடிவரும் பணியாளர், பராமரிப்பாளர் குழு, குடும்பத்திற்குப் பிந்தைய வாழ்விட ஏற்பாடு ஆகிய மூன்றும் ஒருங்கிணையும்போதே சமூக ஆதரவு முழுமை பெறும் என்பது இதன் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: குடும்பப் பராமரிப்பாளர், மனச்சிதைவு நோய், பராமரிப்புச் சுமை, சமூக ஆதரவு, ஏர்வாடி, மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017.

முன்னுரை

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரத்தில் இறுதியாக அமைந்த 950ஆம் குறள், மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கிறது. நோயுற்றவர், நோயைத் தீர்க்கும் மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு நான்காவதாக அது வைப்பது ‘உழைச்செல்வான்’ என்பவரை. ‘உழை’ என்பதற்குப் பக்கம், அருகு என்பன பொருள். நோயாளியின் பக்கத்திலிருந்து மருந்தை முறைப்படி கொடுத்துப் பணிவிடை செய்பவரே உழைச்செல்வார். அவர் இல்லையேல் மற்ற மூன்றும் இருந்தும் மருத்துவம் நிறைவுறாது என்னும் புரிதல் தமிழ்ச் சிந்தனையில் தொன்மையானது என்பதற்கு இக்குறள் சான்றாகிறது.

இன்று அவ்விடத்தில் இருப்பவர் பெரும்பாலும் தாய், தந்தை, மனைவி, கணவர், உடன்பிறந்தார் ஆகியோருள் ஒருவர். காய்ச்சல், அறுவை சிகிச்சை போன்றவற்றில் இப்பணி சில நாள்களிலோ வாரங்களிலோ முடிந்துவிடுகிறது. மனச்சிதைவு நோய் போன்ற நீண்டகால மனநோய்களில் அது இருபது, முப்பது ஆண்டுகள் நீளக்கூடும். இளமைப் பருவத்தில் தொடங்கும் நோயாதலால் பராமரிப்பவர் நோயுற்றவரைவிட மூத்தவராக இருப்பதே வழக்கம். பராமரிப்பின் தேவை தொடர்கையில் பராமரிப்பவரின் உடல்வலிமை குறைந்துகொண்டே வருகிறது. இந்நிலையில், உழைச்செல்வாரின் பக்கத்தில் இருப்பவர் யார் என்னும் வினா எழுகிறது. அதற்கு மருத்துவமும் சமூகமும் சட்டமும் இதுவரை அளித்துள்ள விடைகளை முறைப்படுத்திக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. சொல்லும் வரையறையும்

‘பராமரிப்பாளர்’ என்பது அலுவலக வழக்கிலும் ஆய்வு வழக்கிலும் நிலைபெற்ற சொல். நோயாளியின் தாயோ மனைவியோ தம்மை அச்சொல்லால் குறித்துக்கொள்வது அரிது. மருத்துவமனைப் பேச்சுவழக்கில் அவர் ‘கூட வந்தவர்’ அல்லது ‘துணைக்கு இருப்பவர்’. இவ்வழக்குகள் அவரை நோயாளியோடு சார்த்தியே அடையாளப்படுத்துகின்றன. தாம் செய்வது ஒரு பணி என்றும் அதற்கு உதவி கோரலாம் என்றும் அவருக்கே தோன்றாமைக்கு இதுவும் ஒரு காரணம். ‘பெற்ற கடமை’, ‘கட்டியவள் பொறுப்பு’ என்னும் உறவுமொழியில் அடங்கிவிடுவதால் அப்பணி பிறர் கண்ணுக்கும் புலப்படுவதில்லை.

சட்டம் இதனைப் புலப்படுத்த முயன்றுள்ளது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, மாற்றுத்திறனாளிக்கு ஊதியம் பெற்றோ பெறாமலோ பராமரிப்பும் ஆதரவும் உதவியும் அளிக்கும் எவரையும், பெற்றோர், பிற குடும்ப உறுப்பினர் உட்பட, பராமரிப்பாளர் என்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, மனநோயுற்றவருடன் வசித்து அவரைப் பராமரிக்கும் பொறுப்புடையவரை அப்பெயரால் சுட்டுகிறது. அவர் உறவினராகவும் இருக்கலாம். ஊதியத்துடனோ ஊதியமின்றியோ அப்பொறுப்பை ஆற்றும் பிறராகவும் இருக்கலாம். முதல் வரையறை செய்யும் பணியை மையமாகக் கொள்கிறது. இரண்டாவது, உடன் வசித்தலையும் பொறுப்பேற்றலையும் இணைத்துக் காண்கிறது. இரண்டு சட்டங்களும் ஊதியமற்ற குடும்ப உழைப்பைப் பராமரிப்பாகவே ஏற்றுள்ளமை குறிப்பிடத்தக்கது.

2. மருத்துவத்தின் துணையாகக் குடும்பம்

மனநோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்து மனநோய் மருத்துவமனையில் வைப்பதே காலனிய ஆட்சிக்கால நடைமுறை. 1950களில் அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த வித்யா சாகர் இதனை மாற்றினார். நோயாளிகளின் குடும்பத்தினரை மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரங்களில் தங்கச் செய்து, அவர்களையும் சிகிச்சையில் பங்கேற்க வைத்தார். தமிழ்நாட்டில், வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957ஆம் ஆண்டு பாகாயத்தில் தொடங்கப்பட்டது. பிளாரன்ஸ் நிக்கோல்ஸ் என்னும் மருத்துவரின் முயற்சியால் உருவான அம்மையத்தில், உள்நோயாளியுடன் குடும்ப உறுப்பினர் ஒருவர் தங்கியிருப்பது சிகிச்சைமுறையின் பகுதியாயிற்று.

இம்முறையால் மூன்று நன்மைகள் விளைந்தன. நோயாளி கைவிடப்படும் வாய்ப்பு குறைந்தது. நோயின் இயல்பையும் மருந்தின் தேவையையும் குடும்பத்தினர் நேரில் கற்றனர். போதிய செவிலியர் இல்லாத மருத்துவமனைக்கும் உதவி கிட்டியது. பின்னர் நிகழ்ந்த ஆய்வுகள் குடும்பத்தின் மதிப்பை மேலும் உயர்த்தின. இலண்டனில், குறைகூறலும் பகைமையும் மிகுந்த குடும்பச் சூழலுக்குத் திரும்பும் மனச்சிதைவு நோயாளிகளிடையே நோய் மீண்டும் தலைதூக்குவது மிகுதி என ஜார்ஜ் பிரவுனும் அவர்தம் குழுவினரும் கண்டிருந்தனர். சண்டிகரில் நிகழ்த்தப்பெற்று 1987இல் வெளியான ஒப்பாய்வு, அத்தகைய உணர்ச்சி வெளிப்பாடு இலண்டன் உறவினரிடையே காணப்பட்டதைவிட இந்திய உறவினரிடையே குறைவு எனக் காட்டியது.

இம்முடிவுகளிலிருந்து இருவகைக் கருத்துகளைப் பெறலாம். குடும்பம் நோயாளிக்கு நன்மை செய்கிறது, ஆகவே அக்குடும்பத்தை வலுப்படுத்த வேண்டும் என்பது ஒன்று. குடும்பம் இருக்கிறது, ஆகவே பிற ஏற்பாடுகள் அவ்வளவு தேவையில்லை என்பது மற்றொன்று. பொதுப் பேச்சிலும் நிருவாக நடைமுறையிலும் இரண்டாவது கருத்தே எளிதாக வேரூன்றியது. ‘நம் நாட்டில் கூட்டுக்குடும்பம் உண்டு’ என்னும் கூற்று, குடும்ப அமைப்பு சுருங்கிய பின்னரும் ஆய்வுக்குட்படாத எடுகோளாகவே தொடர்கிறது. பாகாயத்திலும் அமிர்தசரசிலும் குடும்பம் மருத்துவரின் அருகில் இருந்து துணை பெற்றது என்பதையும், வீடு திரும்பிய பின் அத்துணை அற்றுப்போனது என்பதையும் இக்கூற்று மறைத்துவிடுகிறது.

3. சுமையை அளத்தல்

குடும்பத்தின் துன்பம் ஆய்வுப்பொருளாக மாறியது அதனை அளக்கும் கருவிகள் தோன்றிய பின்னரே. பெங்களூரில் பணியாற்றிய ஷைலா பாய், ஆர்.எல். கபூர் ஆகிய இருவரும் உருவாக்கிய குடும்பச் சுமை நேர்காணல் அட்டவணை 1981இல் வெளியாயிற்று. 24 வினாக்கள் கொண்ட அது, பொருளாதாரச் சுமை, அன்றாடப் பணிகளின் குலைவு, ஓய்வுப்பொழுதின் இழப்பு, குடும்ப உறவாடலின் குலைவு, பிறரின் உடல்நலப் பாதிப்பு, மனநலப் பாதிப்பு என ஆறு களங்களை அளக்கிறது.

சென்னையிலுள்ள ஸ்கார்ஃப் என்னும் மனச்சிதைவு ஆய்வு நிறுவனம், மருத்துவர் எம். சாரதா மேனன் முன்முயற்சியால் 1984இல் தோன்றியது. அந்நிறுவனத்தைச் சார்ந்த ஆர். தாராவும் பிறரும் 40 வினாக்கள் கொண்ட சுமை மதிப்பீட்டு அட்டவணையை 1998இல் வெளியிட்டனர். வாழ்க்கைத் துணை தொடர்பானவை, பராமரிப்பாளரின் உடல்நலமும் மனநலமும், வெளி ஆதரவு, பராமரிப்பாளரின் அன்றாட வாழ்வு, பொறுப்பேற்றல், பிற உறவுகள், நோயாளியின் நடத்தை முதலிய ஒன்பது கூறுகளை அது உள்ளடக்கியது. ‘வெளி ஆதரவு’ சுமையின் ஒரு கூறாகவே இதில் இடம்பெற்றுள்ளமை கருதத்தக்கது. நோயின் கடுமை மட்டுமன்றி, அதனை எதிர்கொள்கையில் பராமரிப்பவர் தனித்துவிடப்படுதலும் சுமையாகிறது என்பதே இதன் உட்பொருள்.

இச்சுமையின் பொருளாதார முகத்தை 2015-16ஆம் ஆண்டின் தேசிய மனநலக் கணக்கெடுப்பு காட்டுகிறது. தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்தப்பெற்ற அதில், சிகிச்சைக்கும் அதற்கான பயணத்துக்குமாகக் குடும்பங்கள் மாதந்தோறும் ஏறத்தாழ 1000 முதல் 1500 ரூபாய் வரை செலவிட்டமை பதிவாகியுள்ளது. மருந்து இலவசமாகவே கிடைத்தாலும், பேருந்துக் கட்டணமும் உடன் செல்பவர் இழக்கும் ஒருநாள் கூலியும் குடும்பத்தின் செலவாகவே நிற்கின்றன.

அதன் பாலின முகத்தை 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பால் ஓரளவு உணரலாம். வீட்டு உறுப்பினர்க்கு ஊதியமின்றிப் பராமரிப்பு வழங்கியோர் பெண்களில் 27.6 விழுக்காட்டினர், ஆண்களில் 14 விழுக்காட்டினர். அவ்வாறு ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 134 நிமிடமும் ஆண்கள் 76 நிமிடமும் செலவிட்டனர். குழந்தை வளர்ப்பும் இவ்வெண்களில் அடங்குமாதலால், மனநோய்ப் பராமரிப்புக்கு இவற்றை நேரடியாகப் பொருத்த இயலாது. எனினும், வீட்டில் ஒருவர் நோயுறும்போது கூடுதல் பணி எவர்மீது விழும் என்பதை இவை உணர்த்துகின்றன. அத்துடன், நோயாளியின் உறக்கமின்மையால் தானும் உறங்காதிருத்தல், அவர் வெளியேறிவிடுவாரோ என்று வாயிலில் கண்வைத்திருத்தல் போன்றவை ‘செலவிட்ட நேரம்’ என்னும் கணக்கில் அடங்குவதில்லை.

4. ஆதரவு அற்றுப்போகுமிடம்: ஏர்வாடி

குடும்பத்திற்கு ஆதரவில்லாதபோது நிகழக்கூடியதைத் தமிழ்நாட்டு வரலாறு ஒரு கொடிய நிகழ்வாகப் பதிவு செய்துள்ளது. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி தர்காவை ஒட்டி, மனநோயாளிகளைத் தங்கவைக்கும் தனியார் விடுதிகள் பல இயங்கிவந்தன. 2001 ஆகஸ்டு 6 அதிகாலையில் அவற்றுள் ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் தப்ப இயலவில்லை. 28 பேர் உயிரிழந்தனர். உச்ச நீதிமன்றம் தாமாகவே முன்வந்து இதனை வழக்காக எடுத்துக்கொண்டது. ஏர்வாடியின் அத்தகைய விடுதிகள் மூடப்பட்டன.

விடுதி நடத்தியோரின் குற்றமும் கண்காணிக்கத் தவறிய நிருவாகத்தின் குறையும் பெரிதும் பேசப்பட்டன. அங்கு அழைத்துவந்த குடும்பங்கள்மீதும் பழி விழுந்தது. ஆயினும், தொலைவிலிருந்து நோயாளியை அழைத்துக்கொண்டு வந்து, கட்டணமும் செலுத்தி, ஒரு குடும்பம் அவரை அங்கு விட்டுச் செல்லும் நிலை ஏன் ஏற்பட்டது என்னும் வினா போதிய அளவு எழுப்பப்படவில்லை. தன் ஊரருகே மனநல மருத்துவம் இல்லாமை, நோயாளியைச் சில நாள் பார்த்துக்கொள்ள மாற்றாள் இல்லாமை, அண்டை அயலாரின் முறையீடு, மணமாக வேண்டிய பிள்ளைகள் வீட்டிலிருத்தல் முதலியவை சேரும்போது, எவ்விடமாயினும் ஒப்படைத்தல் குடும்பத்திற்கு ஒரே வழியாகத் தோன்றிவிடுகிறது. இவ்வாறு கூறுவது சங்கிலியை ஞாயப்படுத்துவதாகாது. 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 95ஆம் பிரிவு, எவ்வடிவிலும் சங்கிலியிடுதலைத் தடை செய்துள்ளது. அத்தடை வீட்டிலும் விடுதியிலும் நடைமுறையில் நிலைக்க வேண்டுமாயின், சங்கிலியை நாடாத பராமரிப்புக்கான துணை பராமரிப்பாளருக்குக் கிடைத்தாக வேண்டும்.

5. சமூக ஆதரவின் வடிவங்கள்

5.1 இல்லம் தேடி வருவோர்

பாய், கபூர் ஆகியோர் 1982இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு இப்பொருளில் முன்னோடியானது. மனச்சிதைவு நோயாளிகளுள் ஒரு பிரிவினர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். மற்றொரு பிரிவினர்க்குச் செவிலியர் ஒருவர் வீட்டுக்கே சென்று சிகிச்சையைத் தொடர்ந்தார். ஆறு மாத முடிவில் வீட்டுச் சிகிச்சை பெற்றோரின் நிலை மேம்பட்டிருந்ததோடு, அவர்தம் குடும்பத்தின் சுமையும் வெகுவாகக் குறைந்திருந்தது, செலவும் குறைவாயிற்று. நோயாளி வீட்டிலிருந்தும் சுமை குறைந்தது என்பதே இங்கு இன்றியமையாத செய்தி. நோயாளி வீட்டிலிருப்பதைக் காட்டிலும், வெளியிலிருந்து எவரும் வாராமையே குடும்பத்தைப் பெரிதும் வருத்துகிறது என இதனால் உய்த்துணரலாம்.

தமிழ்நாடு, கோவா, மகாராட்டிரம் ஆகிய மாநிலங்களில் 282 மனச்சிதைவு நோயாளிகளிடையே நடத்தப்பெற்று 2014இல் ‘லான்செட்’ இதழில் வெளியான ஆய்வு இவ்வழியில் மேலும் சென்றது. பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் வீடுகளுக்குச் சென்று நோய் பற்றிய விளக்கம், மருந்து ஒழுங்கு, அன்றாடத் திறன்களை மீட்டல் முதலியவற்றில் உதவினர். தன்னுதவிக் குழுக்களோடும் அரசு நலத்திட்டங்களோடும் குடும்பத்தை இணைப்பதும் அவர்தம் பணியாயிருந்தது. மருத்துவமனைச் சிகிச்சை மட்டும் பெற்றவரைவிட இவர்களிடம் நோய்க்குறிகளும் செயலிழப்பும் மிதமான அளவில் குறைந்தன. காஞ்சிபுரம் மாவட்ட ஊரகப் பகுதியில் பயன் தெளிவாக வெளிப்பட்டது. பிற சேவைகள் அரிதான இடத்தில் வீடு தேடிவரும் ஒருவரின் மதிப்பு மிகுதி என்பதை இது புலப்படுத்துகிறது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஸ்கார்ஃப் 2010இல் தொடங்கிய பேருந்துவழித் தொலைமனநல மருத்துவமும் இவ்வகைப்பட்டதே. பேருந்து ஊர்களுக்குச் செல்கிறது. காணொளி வாயிலாக மனநல மருத்துவரோடு உரையாட முடிகிறது. மருந்தும் அங்கேயே வழங்கப்படுகிறது. நகர் சென்று திரும்ப ஒருநாளைச் செலவிடும் தேவை நீங்குவதால், பராமரிப்பாளரின் பயணமும் கூலி இழப்பும் குறைகின்றன.

5.2 பராமரிப்பாளர் குழுக்கள்

ஒத்த துன்பமுடையோர் ஒருங்கு கூடுதல் இரண்டாவது வடிவம். சென்னையில் ‘ஆஷா’ என்னும் அமைப்பு, சாரதா மேனன் அளித்த ஊக்கத்தோடு, மனநோயுற்றோரின் குடும்பத்தினரால் 1980களின் இறுதியில் உருவானது. நோயிலிருந்து மீள்வோர்க்கான இடைநிலை இல்லம், தொழில்வாய்ப்பு ஆகியவற்றில் அது ஈடுபட்டது. பெங்களூரிலும் குடும்பப் பராமரிப்பாளர்களின் ‘ஆமெண்ட்’ அமைப்பு தோன்றியது.

இத்தகைய குழுக்கள் ஆற்றும் பணிகளை நான்காக வகுக்கலாம். முதலாவது, அறிவுப் பகிர்வு. மருந்தை மறுப்பவரிடம் எவ்வாறு பேசுவது, மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கு எவ்வெவ் ஆவணங்கள் வேண்டும் என்பனவற்றை முன்சென்றவரே தெளிவாகக் கூற இயலும். இரண்டாவது, மனக்குறையை அச்சமின்றி வெளியிடும் வாய்ப்பு. பெற்ற பிள்ளைமீது எழும் சினத்தையும் அதனால் விளையும் குற்ற உணர்வையும் உறவினரிடம் சொல்ல இயலாதவர், அதே நிலையிலிருப்பவரிடம் சொல்லலாம். மூன்றாவது, இடைஓய்வு. ஒருவர் வெளியூர் செல்லவோ தாமே மருத்துவம் பெறவோ நேரும்போது மற்றவர் கைகொடுத்தல் இதில் அடங்கும். நான்காவது, கோரிக்கைக் குரல். தனித்தனிக் குடும்பங்களின் மனுக்கள் பெறாத கவனத்தை அமைப்பின் கோரிக்கை பெறுகிறது. மனநலச் சட்டத்தில் பராமரிப்பாளருக்கு இடம் வேண்டும் என்னும் குரல் இத்தகைய அமைப்புகளிலிருந்தே எழுந்தது.

இவற்றிற்கு வரம்புகளும் உண்டு. கூட்டத்திற்கு வர, வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ள இன்னொருவர் தேவை. ஆகவே, மிகுந்த சுமையுடையவரே குழுவுக்கு வர இயலாதவராகிறார். நகர்ப்புற நடுத்தர வகுப்பினரின் அமைப்புகளாக இவை பெரும்பாலும் நின்றுவிடுவதற்கு இது முதன்மைக் காரணம். அன்றாடக் கூலியை இழந்து எவரும் கூட்டத்திற்கு வர இயலாது. ஊரகப் பகுதிகளில் ஏற்கெனவே இயங்கும் மகளிர் தன்னுதவிக் குழுக்களின் வழியே இவ்வாதரவைக் கொண்டுசெல்லுதல் ஒரு மாற்றாக அமையலாம்.

5.3 வழிபாட்டிடங்கள்

மருத்துவமனைக்கு முன்னரே குடும்பங்கள் நாடும் இடங்கள் கோயில்களும் தர்காக்களும். இவற்றை மூடநம்பிக்கை என ஒதுக்குவதால் அங்குக் குடும்பம் பெறும் துணை என்ன என்பது அறியப்படாமல் போகிறது. தமிழ்நாட்டின் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 மனநோயாளிகளை ஆர். இரகுராமும் பிறரும் ஆராய்ந்து, 2002இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் முடிவுகளை வெளியிட்டனர். அங்குத் தனிப்பட்ட குணமாக்கும் சடங்கு ஏதும் நிகழவில்லை. நோயாளியுடன் உறவினரும் சராசரியாக ஆறு வாரம் தங்கினர். கோயிலின் எளிய பணிகளில் பங்கேற்றனர். நோய்க்குறிகள் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தன. அச்சுறுத்தாத, இடங்கொடுக்கும் சூழலையே ஆய்வாளர்கள் இதற்குக் காரணமாகக் கருதினர்.

இவ்வாய்வைப் பராமரிப்பாளர் நோக்கில் மீளப் படிக்கலாம். நோயாளியின் நடத்தை கண்டு எவரும் முகஞ்சுளிக்காத ஓரிடத்தில் ஆறு வாரம் இருத்தல் குடும்பத்தினர்க்கும் ஓர் இடைஓய்வே. ஏர்வாடியும் முத்துசாமி கோயிலும் வழிபாட்டிடம் சார்ந்தவையே. சங்கிலியும் வணிகநோக்கும் ஒன்றில் இருந்தன; இடங்கொடுக்கும் சூழலும் உறவினரின் உடனிருப்பும் மற்றொன்றில் இருந்தன. ஏர்வாடி தர்கா வளாகத்திலேயே பின்னாளில் அரசு மனநல மருத்துவம் வழங்கத் தொடங்கியது, வழிபாட்டையும் மருந்தையும் இணைத்து நோக்கும் அணுகுமுறையின் வெளிப்பாடாகும்.

6. சட்டம் தருவதும் தராததும்

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 பராமரிப்பாளருக்கு மூன்று நிலைகளில் இடமளிக்கிறது. முதலாவது, சேவை நிலை. மனநோயுற்றவரின் குடும்பத்திற்கு ஆதரவளிக்கும் மனநலச் சேவைகளையும் வீடுசார் மறுவாழ்வையும் அரசு வழங்க வேண்டிய சேவைகளுள் ஒன்றாக 18ஆம் பிரிவு குறிக்கிறது. இடைநிலை இல்லங்களும் ஆதரவுடன் கூடிய தங்குமிடங்களும் அதே பிரிவில் இடம்பெற்றுள்ளன. இரண்டாவது, முடிவெடுக்கும் நிலை. 14ஆம் பிரிவின்படி மனநோயுற்றவர் தமக்கென நியமனப் பிரதிநிதி ஒருவரைத் தேர்ந்தெடுக்கலாம். அவ்வாறு தேர்ந்தெடுக்காதபோது, உறவினரும் அவரையடுத்துப் பராமரிப்பாளரும் வரிசைப்படி அவ்விடத்தைப் பெறுகின்றனர். மூன்றாவது, நிருவாக நிலை. மத்திய, மாநில மனநல ஆணையங்களில் பராமரிப்பாளர்களின் பிரதிநிதிகளுக்கு இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. மனநல மறுஆய்வு வாரியங்களிலும் அவர்கள் உறுப்பினராகலாம்.

இச்சட்டத்தின் மையம் மனநோயுற்றவரின் உரிமையே. அது முறையானதும்கூட. குடும்பத்தினரே நோயாளியின் சொத்துரிமையையும் விருப்பத்தையும் மீறும் நிகழ்வுகள் உண்டு. ஆகவே அவர்களிடமிருந்தும் அவர் காக்கப்பட வேண்டும். ஆனால், பராமரிப்பாளரின் கடமைகள் தெளிவாக விரிக்கப்பட்ட அளவுக்கு, அவர் தமக்கெனக் கோரத்தக்கவை விரிக்கப்படவில்லை. 18ஆம் பிரிவின் குடும்ப ஆதரவு எத்தன்மையது, எவர் வழங்குவது, எத்தனை நாள் என்பன நடைமுறை விதிகளாக உருப்பெற வேண்டியுள்ளன.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016 மனநோயையும் 21 வகைக் குறைபாடுகளுள் ஒன்றாக ஏற்கிறது. உயர் ஆதரவு தேவைப்படுவோர்க்குப் பராமரிப்பாளர் படி வழங்குவதை அதன் 24ஆம் பிரிவு குறிப்பிடுகிறது. அரசின் பொருளாதார இயலுமைக்கு உட்பட்டுத் திட்டம் வகுக்க வேண்டும் என்பதே அப்பிரிவின் மொழி. மேலும், அனைத்தும் சான்றிதழில் தொடங்குகின்றன. மனநோயின் செயலிழப்பு, தற்பராமரிப்பு, பிறருடன் பழகுதல், தொடர்பாடலும் புரிதலும், பணி ஆகிய கூறுகளாலும் நோயின் கால அளவாலும் மதிப்பிடப்படுகிறது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் உடையோரே பெரும்பாலான நலத்திட்டங்களுக்குத் தகுதி பெறுவர். மருந்தால் ஓரளவு தேறியவரின் மதிப்பெண் குறையும்; அத்தேற்றத்தை நாள்தோறும் காத்துநிற்கும் பராமரிப்பாளரின் உழைப்பு அம்மதிப்பீட்டில் தோன்றாது. பராமரிப்பு வெற்றி பெறுந்தோறும் உதவிக்கான தகுதி குறைவது இம்முறையின் உள்முரண்.

7. ‘எங்களுக்குப் பின்’ என்னும் வினா

முதிய பெற்றோர் அனைவரிடமும் பொதுவாக நிலவும் கவலை, தமக்குப் பின் பிள்ளையை யார் பார்ப்பார் என்பது. தற்புணர்வுக் குறைபாடு, மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவை உடையோர்க்காக 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் இவ்வினாவுக்கு விடை காண முனைந்தது. உள்ளூர்க் குழுக்களின் வழியே காப்பாளர் நியமிக்கும் ஏற்பாடு அதில் உண்டு. மனநோய் அச்சட்டத்தின் வரம்பில் இல்லை. 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டத்திலிருந்த காப்பாளர் நியமன அத்தியாயமும் 2017ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெறவில்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆம் பிரிவு கூறும் வரம்புடைய காப்பாளர் முறையே எஞ்சியுள்ளது. நோயாளியின் தன்னுரிமையைக் காக்கும் நோக்கில் இம்மாற்றம் வரவேற்கத்தக்கது. ஆயினும், சிறிய வீட்டையோ சேமிப்பையோ மகனுக்காகவோ மகளுக்காகவோ விட்டுச்செல்ல விரும்பும் முதியவர்க்கு, அதனை நிருவகிப்பவர் யார் என்பதில் எளிய வழி புலப்படவில்லை.

வாழ்விடத்தைப் பொறுத்தவரை ஒரு முன்மாதிரி தமிழ்நாட்டிலேயே உள்ளது. 1993இல் சென்னையில் தொடங்கப்பட்ட ‘பேன்யன்’ அமைப்பு, நீண்டகாலம் நிறுவனங்களில் தங்கியிருந்தவர்களைச் சிறு குழுக்களாக இயல்பான குடியிருப்புப் பகுதிகளில் வீடெடுத்து வாழச் செய்யும் திட்டத்தை 2015 முதல் நடத்திவருகிறது. உதவியாளரின் துணையோடு அவர்கள் சமைத்தும் கடைக்குச் சென்றும் அண்டை வீட்டாரோடு பழகியும் வாழ்கின்றனர். நிறுவனத்திலிருந்து வெளிவருவோர்க்கென அமைந்த இம்முறையை, பெற்றோரை இழக்கும் நிலையிலுள்ளோர்க்கும் விரிக்க இயலும். பெற்றோர் வாழ்நாளிலேயே இம்மாற்றம் படிப்படியாக நிகழுமாயின், அது கைவிடலாக அமையாது. அவர்களும் தம் முதுமையில் அமைதி பெறுவர்.

முடிவுரை

குடும்பத்தைச் சிகிச்சைக்குத் துணையாக ஏற்றல், அதன் சுமையை அளத்தல், சட்டத்தில் அதற்குப் பெயரளித்தல் என அறுபதாண்டுகளில் மூன்று படிகள் கடக்கப்பட்டுள்ளன. பராமரிப்பாளரையும் பேணப்பட வேண்டியவராகக் கொள்ளுதல் நான்காவது படி. அதற்கான கூறுகள் தனித்தனியே மெய்ப்பிக்கப்பட்டுள்ளன. செவிலியரின் இல்ல வருகை சுமையைக் குறைப்பதைப் பெங்களூர் ஆய்வு காட்டியது. பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளரால் ஊரகத்தில் பயன் விளைவதைக் காஞ்சிபுரம் காட்டியது. குடும்பத்தினர் ஒன்றுகூடித் தம் குரலை எழுப்ப முடியும் என்பதை ஆஷா போன்ற அமைப்புகள் காட்டின. குடும்பத்திற்கு வெளியேயும் வீடு அமையும் என்பதைப் பேன்யன் காட்டியது.

இவற்றை இணைப்பதற்குப் புதிய நிருவாக அமைப்பு தேவைப்படாது. 2021இல் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பணியாளர்கள் நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கான மருந்துகளோடு ஏற்கெனவே வீடுகளுக்குச் செல்கின்றனர். அவ்வருகையின்போது மனநோயுற்றவரைப் பேணுபவரின் உடல்நலம், உறக்கம், இடைஓய்வுத் தேவை ஆகியன பற்றியும் கேட்டுப் பதியலாம். அப்பதிவு, மாவட்ட மனநலத் திட்டத்திற்கும் தன்னுதவிக் குழுக்களுக்கும் சென்றுசேர வழி செய்யலாம். சென்னையில் உருவான சுமை மதிப்பீட்டு அட்டவணையை ஆய்வுக்கருவியாக மட்டுமன்றி, உதவிக்குரியவரை இனங்காணும் கருவியாகவும் பயன்படுத்தலாம். தமிழ்நாட்டின் மாவட்டங்களில் பராமரிப்பாளரின் வயது, பாலினம், தொழில் இழப்பு பற்றிய களஆய்வுகள் மேற்கொள்ளப்படின் இவ்விவாதம் மேலும் செம்மையுறும்.

நான்கு கூறுகளுள் ஒன்று தளர்ந்தாலும் மருத்துவம் தளரும் என்பது குறள் வகுத்த பகுப்பின் வழியே பெறப்படும் கருத்து. மருத்துவரையும் மருந்தையும் நோயாளியின் வீட்டருகே கொண்டுசெல்லும் ஏற்பாடுகள் பெருகிவரும் காலம் இது. அவ்வீட்டில் அவர்களுக்குக் கதவைத் திறந்துவிடும் உழைச்செல்வாரிடம், ‘நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?’ எனக் கேட்பதும் அவ்வேற்பாட்டின் பகுதியாக வேண்டும்.